வேலூர்ப் பகுதியை ஆய்வு செய்வது எப்படி? தொழில், சமூகச் சிக்கல்களை நேர்வாய்வு வழியாக அலசுவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வணிகவியல், பொருளியல், சமூகப்பணி படிக்கும் மாணவர்கள் இறுதியாண்டில் திட்ட அறிக்கை எழுதுகிறார்கள். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் வட்டாரத்தில் அந்த அறிக்கைகளுக்குப் பிடித்தமான தலைப்புகளில் ஒன்று 'பாலாற்று மாசு: ஓர் ஆய்வு'. முதல் இயலில் முன்னுரை, இரண்டாவதில் மாவட்ட வரலாறு, மூன்றாவதில் வினாத்தாள் அட்டவணைகள் என்று போய், கடைசிப் பக்கத்தில் 'அரசு தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும்' என்று முடிந்துவிடும். எந்த அரசு அலுவலகம், எந்த நடவடிக்கை, அதை இதுவரை எடுக்காததற்கு என்ன காரணம் என்ற கேள்விகளுக்கு அதில் பதில் இருக்காது. ஒரு மாணவியின் ஆறு மாத உழைப்பு இப்படி அலமாரிக்குப் போவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை. பழைய வட ஆர்க்காடு முழுவதும் ஆராயத் தக்க சிக்கல்கள் குவிந்து கிடக்கின்றன. அவற்றை நெருங்கிப் பார்க்கும் முறையைத்தான் சொல்லிக்கொடுக்கத் தவறுகிறோம்.

அந்த முறைக்குப் பெயர் நேர்வாய்வு. கல்லூரிகளில் கேஸ் ஸ்டடி என்றே சொல்கிறார்கள். ஒரு நிறுவனம், ஒரு கிராமம், ஒரு விபத்து, ஒரு முடிவு என்று ஒன்றை எடுத்துக்கொண்டு, அது நடந்த சூழலிலிருந்து பிய்த்து எடுக்காமல், எப்படி நடந்தது, ஏன் நடந்தது என்று தோண்டிப் பார்ப்பது. அப்படி எடுத்துக்கொள்ளும் ஒன்றுக்கு நேர்வு என்று பெயர். ஹார்வர்டு சட்டப் பள்ளியில் 1870-இல் தீர்ப்புகளை வைத்துச் சட்டம் கற்பிக்கத் தொடங்கினார்கள். அதே பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளி 1921-இல் தனது முதல் நேர்வை எழுதியது. அது ஒரு காலணி நிறுவனத்தைப் பற்றியது என்பது ஆம்பூர்க்காரர்களுக்குச் சுவையான செய்தி. 1961-இல் தொடங்கிய ஆமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகம் ஹார்வர்டின் துணையோடு அந்த முறையை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது.

தொழில் நேர்வுக்கும் சமூக நேர்வுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. தொழில் நேர்வில் முடிவெடுக்கும் ஒருவர் இருப்பார். அவருடைய நாற்காலியில் நாம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். சமூக நேர்வில் அப்படி ஒரே நாற்காலி கிடையாது. பல பேர் பல இடங்களிலிருந்து இழுக்கிறார்கள். யாரும் விரும்பாத விளைவு வந்து நிற்கிறது. பாலாற்றங்கரைச் சிக்கல்கள் பெரும்பாலும் இரண்டும் கலந்தவை. அதனால்தான் இரண்டையும் ஒரே வழிகாட்டியில் சொல்கிறேன்.

முதல் படி: புதிரைக் கண்டுபிடியுங்கள்

தலைப்பு கிடைத்துவிட்டால் ஆய்வு தொடங்கிவிட்டதாக நினைக்காதீர்கள். நடந்திருக்க வேண்டியது ஒன்று, நடந்தது வேறு என்ற இடைவெளி எங்கே தெரிகிறதோ அங்கேதான் உங்கள் கேள்வி இருக்கிறது.

தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் பற்றி வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு ஒன்று 1991-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. கேடு வருமுன்பே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. இன்று இந்தியாவில் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் மாணவர்கள் எல்லோரும் வேலூரின் பெயரைக் கடந்துதான் போகிறார்கள். இழப்பீட்டை முடிவுசெய்ய ஓர் ஆணையம் அமைக்கவும், ஆலை ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் அபராதம் கட்டவும் அதே தீர்ப்பு உத்தரவிட்டது. அதன் பிறகு 2025 ஜனவரி 30 அன்று, 28 ஆண்டுகளுக்கு மேல் கழித்து, அதே ஆறு, அதே ஆலைகள், அதே இழப்பீடு பற்றி உச்ச நீதிமன்றம் மறுபடியும் விரிவான உத்தரவு போட வேண்டியிருந்தது.

உங்கள் புதிர் இங்கே இருக்கிறது. நாட்டுக்கே முன்மாதிரியான தீர்ப்பைப் பெற்ற ஊரில், அந்தத் தீர்ப்பு கேட்ட மாற்றம் ஏன் முழுமையாக வரவில்லை? 'பாலாற்று மாசு' என்ற தலைப்பை இந்தக் கேள்வியாக மாற்றிய உடனே, யாரைப் பார்க்க வேண்டும், எந்தத் தாளைத் தேட வேண்டும் என்பது தானாகத் தெரியத் தொடங்கும்.

சிறிய புதிர்களும் இருக்கின்றன. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு வந்த பிறகு தோட்டத்தில் விவசாயி வாங்கும் விலை மாறியதா, இல்லை சந்தையில் விற்பவரின் விலை மட்டும் மாறியதா? குடியாத்தத்தில் ஒரே தெருவில் ஒரு வீட்டில் தறி ஓடுகிறது, அடுத்த வீட்டில் நின்றுவிட்டது என்றால் ஏன்? ஒரு மாணவர் ஒரு பருவத்துக்குள் முடிக்கக்கூடிய கேள்விகள் இவை. முதல்முறை செய்பவர்கள் இப்படிப்பட்ட ஒன்றை எடுத்துக்கொள்வதே நல்லது.

இரண்டாம் படி: எல்லை கட்டுங்கள்

எந்த இடம், எந்தக் காலம், எது உங்கள் நேர்வு என்று மூன்றையும் ஒரே வாக்கியத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். நேர்வு என்பது ஓர் ஆலையா, பல ஆலைகளின் கழிவுநீரைச் சேர்த்துச் சுத்தம் செய்யும் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையமா, ஒரு கிராமமா? மூன்றும் வேறுவேறு ஆய்வுகள்.

நம் பகுதியில் இடத்தின் எல்லையைக் கட்டும்போது மிகுந்த கவனம் வேண்டும். வட ஆர்க்காடு மாவட்டம் 1989-இல் இரண்டாகப் பிரிந்தது. திருவண்ணாமலை தனியாகப் போனது. எஞ்சிய பகுதி பின்னாளில் வேலூர் மாவட்டம் ஆனது. அதுவும் 2019 நவம்பரில் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானது. தோல் தொழிலின் பெரிய மையங்களான ஆம்பூரும் வாணியம்பாடியும் இன்று திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கின்றன. 'வேலூர் மாவட்டத்தில் தோல் ஆலைகளின் எண்ணிக்கை' என்று 1996-இன் எண்ணையும் 2022-இன் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஆலைகள் பெருமளவில் மூடப்பட்டதாகத் தோன்றும். உண்மையில் மாறியிருப்பது வரைபடத்தில் உள்ள கோடாகவும் இருக்கலாம். அதனால் மாவட்ட எண்ணை நம்பி ஒப்பிடாதீர்கள். வட்டம், முடிந்தால் வருவாய்க் கிராமம் என்ற அளவுக்கு இறங்குங்கள். வட்டங்களும் பிரிக்கப்பட்டிருக்கின்றன, கிராமத்தின் எல்லை பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

மூன்றாம் படி: காலவரிசை

இதைச் சலிப்பான வேலை என்று பலர் தள்ளிவிடுகிறார்கள். நான் எந்த மாணவரிடமும் முதலில் கேட்பது இந்தத் தாளைத்தான். ஒரு பெரிய தாளில் இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம் நடந்தது. வலப்பக்கம், அந்த நாளில் யாருக்கு என்ன தெரிந்திருந்தது.

தோல் தொழிலை எடுத்துக்கொண்டால் இடப்பக்கம் இப்படி நிரம்பும். ஒரு காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்டார்கள். 1970களில் மத்திய அரசு பச்சைத் தோலும் அரைப்பதத் தோலும் வெளிநாடு போவதைக் கட்டுப்படுத்தி, முழுமையாகப் பதனிட்ட தோலையும் காலணியையும் ஏற்றுமதி செய்ய ஊக்கம் கொடுத்தது. வேலை வாய்ப்பும் அந்நியச் செலாவணியும் பெருகின. குரோமியத்தில் பதனிடும் முறை பரவியது. ரசாயனங்களும் கழிவும் இந்த மண்ணிலேயே தங்கின. 1991-இல் வழக்கு, 1996-இல் தீர்ப்பு. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச் சேற்றுத் தொட்டிச் சுவர் இரவில் இடிந்து, பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்படப் பத்துப் பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

இப்போது வலப்பக்கத்துக்கு வாருங்கள். விபத்து நடந்த பிறகு எல்லோருக்கும் எல்லாம் தெளிவாகத் தெரியும். ஜனவரி 30 அன்று தெரிந்தது என்ன? தொட்டியில் எவ்வளவு சேறு இருந்தது என்று யார் அளந்தார்கள்? அது யாருடைய மேசைக்குப் போயிருக்க வேண்டும்? சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்கள் தூங்குவது யாருக்குத் தெரியும்? இந்தக் கேள்விகளை எழுதிவைத்துக்கொண்டு கோப்புகளைத் தேடினால் நேர்வு உருவாகும். 'அலட்சியத்தால் நடந்தது' என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டால் அடுத்த தொட்டி எங்கே இருக்கிறது என்று யாரும் தேட மாட்டார்கள்.

நான்காம் படி: யார், எதை முடிவுசெய்ய முடியும்?

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரின் பெயருக்கும் எதிரே மூன்று செய்தி: அவருக்கு என்ன வேண்டும், எதை இழக்க அஞ்சுகிறார், அவர் கையெழுத்தால் எது மாறும். ஆலை முதலாளி, கூலிக்கு வேலை எடுத்துச் செய்யும் சிறு பதனிடுபவர், வெளிநாட்டுக் கொள்முதலாளர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டப் பொறியாளர், ஊராட்சித் தலைவர், கிணறு கெட்ட விவசாயி, அதே ஆலையில் வேலை செய்யும் அந்த விவசாயியின் மகள். கடைசி இருவரும் ஒரே வீட்டில் இருப்பதுதான் பாலாற்றங்கரையின் உண்மை. 'தொழிலா, விவசாயமா' என்று கட்சி பிரித்து எழுதும் அறிக்கை அந்த வீட்டுக்குள் நுழைந்ததே இல்லை.

ஐந்தாம் படி: சான்று சேர்ப்பது

தாள், வாய், கண் என்று மூன்று வழி. மூன்றும் ஒத்துப்போகும் இடத்தில் துணிந்து எழுதுங்கள். ஒத்துப்போகாத இடத்தை மறைக்காமல் எழுதுங்கள்.

தாள்களில் நம் மாணவர்கள் கண்டுகொள்ளாத ஒன்று அடங்கல். கிராம நிர்வாக அலுவலர் எழுதும் கணக்கு அது. ஒவ்வொரு புல எண்ணிலும் அந்தப் பசலியில், அதாவது வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டில், என்ன பயிர் இருந்தது, எந்த நீர் பாய்ந்தது என்று இருக்கும். பசலி ஆண்டு ஜூலை 1 அன்று தொடங்குகிறது. 2024 ஜூலையில் தொடங்கியது பசலி 1434. ஆகவே 1990-91 என்பது பசலி 1400. ஒரு கிராமத்தில் ஆற்றோரம் உள்ள ஒரு பத்துப் புல எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு, பசலி 1400 முதல் ஐந்து பசலிக்கு ஒருமுறை அதே எண்களின் பயிரை வரிசையாக எழுதிப் பாருங்கள். நெல், நெல், கரும்பு, தென்னை, தரிசு என்று ஒரு நிலத்தின் வாழ்க்கை ஒரே வரியில் தெரியும். ஆற்றிலிருந்து தள்ளியிருக்கும் பத்து எண்களையும் கீழே எழுதுங்கள். இரண்டு வரிசையும் ஒரே மாதிரி தரிசுக்குப் போனால் காரணம் கூலி உயர்வாகவோ, மழைக் குறைவாகவோ, வீட்டுமனை விலையாகவோ இருக்கலாம். ஆற்றோர வரிசை மட்டும் முன்னதாகத் தரிசானால் தண்ணீர்மேல் சந்தேகம் வலுக்கிறது. பழைய அடங்கல் எல்லாக் கிராமத்திலும் முழுமையாகக் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கிடைக்கும் கிராமத்தை நேர்வாகத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை, அதைச் சொல்லிவிட்டால் போதும்.

கொடுக்க மறுக்கப்படும் அரசுத் தாள்களுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள். 'மாசு பற்றிய அனைத்து விவரங்களும்' என்று கேட்டால் ஒன்றும் வராது. 'இன்ன சுத்திகரிப்பு நிலையத்தின் வெளியேற்று நீரில் கரைந்த உப்பின் அளவு, இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை, மாதவாரியாக' என்று கேளுங்கள்.

அப்படிக் கேட்பதற்குத் தொழிலின் உள்விவரம் தெரிந்திருக்க வேண்டும். ஆலைக்கு வரும் பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பு போட்டு வருகிறது. ஊறவைத்துக் கழுவும்போதே அந்த உப்பு தண்ணீரோடு போய்விடுகிறது. பிறகு மயிர் நீக்கச் சுண்ணாம்பும் சல்பைடும், பதனிடக் குரோமியம். குரோமியத்தை வீழ்படிவாக்கிச் சேற்றோடு பிரித்துவிடலாம். அழுகும் பொருள்களை நுண்ணுயிர்களைக் கொண்டு குறைத்துவிடலாம். கரைந்த உப்பை இந்த இரண்டு வழியும் தொடாது. அதற்குச் சவ்வூடு வடிகட்டலும், மிஞ்சும் உப்புநீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கும் இயந்திரமும் வேண்டும். மின்சாரச் செலவு கடுமையானது, கடைசியில் மிஞ்சும் உப்பை எங்கே வைப்பது என்ற கேள்வியும் நிற்கும். 'சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறதா? ஆம்' என்று வினாத்தாளில் குறித்துக்கொண்டு வந்தவருக்கு இது எதுவும் தெரிந்திருக்காது. நிலையம் இருந்தும் கிணறு கரிப்பது எப்படி என்ற கேள்விக்குப் பதிலின் பெரும்பகுதி இந்த உப்பில்தான் இருக்கிறது.

வாய்வழிச் சான்றுக்கு வருவோம். 'பாட்டி, உங்கள் கிணற்றுத் தண்ணீர் மாசுபட்டிருக்கிறதா?' என்று கேட்டால் 'ஆமாம்பா' என்ற ஒரே பதில்தான் வரும். கேள்வியிலேயே பதிலை வைத்துவிட்டீர்கள். நடந்ததைக் கேளுங்கள். 'இந்தக் கிணற்றுத் தண்ணீரில் கடைசியாக நெல் நட்டது எப்போது பாட்டி? யாருக்குக் கல்யாணமான வருடம்?' 'சோறு வடிக்கத் தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள்? அதற்கு முன்னால் எங்கிருந்து எடுத்தீர்கள்?' 'மாடு இந்தத் தண்ணீரைக் குடிக்கிறதா?' ஆண்டை எண்ணாகச் சொல்லத் தெரியாதவர்கள் பிள்ளை பிறந்த வருடத்தை வைத்தும், வெள்ளம் வந்த வருடத்தை வைத்தும் துல்லியமாகச் சொல்வார்கள். வாணியம்பாடியில் ஆலை நடத்தும் ஒரு பாயிடம் போனால் மாசைப் பற்றித் தொடங்காதீர்கள். 'ஒரு தோல் உள்ளே வந்து வெளியே போகிற வரை சொல்லுங்கள் பாய்' என்று தொடங்குங்கள். தன் தொழிலை விவரிக்கச் சொன்னால் யாரும் மறைப்பதில்லை. எந்தக் கட்டத்தில் செலவு கழுத்தை நெரிக்கிறது என்று அவரே சொல்வார். காலணித் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்களை வாயிலில் நிறுத்திக் கேட்கவே கூடாது. வீட்டில், ஞாயிற்றுக்கிழமையில், அவர்கள் விரும்பினால் மட்டும்.

கண் வழிச் சான்று என்பது நீங்கள் நேரில் நின்று எழுதிய குறிப்பு. அன்றிரவே எழுதிவிடுங்கள்.

ஆறாம் படி: காரணங்களை மோதவிடுங்கள்

நேர்வாய்வின் உயிர் இங்கேதான் இருக்கிறது. உங்களுக்குத் தோன்றும் முதல் காரணத்தை எழுதியவுடன், அதே விளைவைத் தரக்கூடிய வேறு நான்கு காரணங்களையும் எழுதுங்கள். ஒவ்வொன்றும் உண்மையானால் எங்கே, என்ன தடயம் விட்டுப் போயிருக்கும் என்று யோசியுங்கள். பிறகு போய்த் தேடுங்கள்.

பயிற்சிக்காக ஒரு லாட்ஜைக் கற்பனையாக அமைத்துக்கொள்வோம். வேலூர் காந்தி ரோடு, பாபுராவ் தெருப் பக்கம், சி.எம்.சி. மருத்துவமனைக்கு நடந்து போகும் தொலைவில் 30 அறை. 1900-இல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய அந்த மருத்துவமனையை நம்பி மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ குடும்பங்கள் காட்பாடியில் வந்து இறங்குகின்றன. கடைப் பலகைகளில் வங்காள எழுத்து இருக்கும். பரிசோதனை, முடிவு, மறுபரிசோதனை என்று வாரக்கணக்கில் தங்க நேர்வதால், அறையிலேயே சமைத்துக்கொள்ள அடுப்பும் பாத்திரமும் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. நம் கற்பனை லாட்ஜில் ஓராண்டாக அறைகள் நிரம்பவில்லை. உரிமையாளர் வங்கிக் கடன் வாங்கி எல்லா அறைகளையும் குளிர்சாதன அறைகளாக மாற்ற நினைக்கிறார். 'வசதி போதவில்லை, அதனால் ஆள் வரவில்லை' என்பது அவருடைய காரணம்.

வேறு காரணங்கள் என்ன? 2022-இல் ராணிப்பேட்டை அருகே மருத்துவமனையின் புதிய வளாகம் திறக்கப்பட்டு, சில துறைகள் அங்கே போயின. 2024 ஆகஸ்டில் வங்கதேச ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு அந்நாட்டினருக்கு இந்திய விசா கிடைப்பது வெகுவாகச் சுருங்கியது. தெருக்களில் வீடுகளை நாள் வாடகைக்கு விடுவது கூடியிருக்கலாம். அல்லது உண்மையிலேயே அறை அழுக்காக இருக்கலாம்.

தடயம் எங்கே? வரவேற்பு மேசையில் இருக்கும் தங்குவோர் பதிவேட்டில். ஊர், வந்த நாள், போன நாள் எல்லாம் அதில் இருக்கின்றன. வெளிநாட்டவர் என்றால் அவர் தங்கியதை அரசுக்குத் தெரிவிக்கும் சி படிவத்தை 24 மணி நேரத்துக்குள் அனுப்பியிருப்பார்கள். அது தனிக் கணக்கு. விசாதான் காரணம் என்றால் 2024 ஆகஸ்டுக்குப் பிறகு வங்கதேசத்தவர் வரிசை மட்டும் மெலிந்திருக்கும், அசாம்காரர்கள் வழக்கம்போல வந்திருப்பார்கள். புதிய வளாகம் என்றால் சரிவு 2022-லேயே தொடங்கி, இடம் மாறிய துறைகளுக்கு வந்தவர்கள் குறைந்திருப்பார்கள். வாடகை வீடுகள் என்றால் நீண்ட நாள் தங்குவோர் முதலில் போயிருப்பார்கள். ஓரிரு நாள் தங்குவோர் மாறாமல் இருப்பார்கள். அறைதான் குறை என்றால், ஒருமுறை வந்த குடும்பம் மறுபரிசோதனைக்கு வரும்போது இங்கே தங்கியிருக்காது. பதிவேட்டில் பெயர்கள் திரும்ப வராது.

பாருங்கள், ஒரே பதிவேட்டை நான்கு விதமாக எண்ணினால் நான்கு காரணங்களும் ஒன்றையொன்று சோதித்துக்கொள்கின்றன. விசாதான் காரணம் என்று தெரிந்தால் குளிர்சாதனக் கடன் உரிமையாளரை மூழ்கடித்துவிடும். அந்த ஒரு பதிவேட்டை எண்ணுவதற்கு இரண்டு பேருக்கு ஒரு வாரம் ஆகும். ஒரு குடும்பத்தின் சொத்தைக் காப்பாற்றக்கூடிய வாரம் அது.

நல்ல செய்திக்கும் இதே சோதனை வேண்டும். கண்ணமங்கலம் பக்கம் நாகநதியின் நீர்ப்பிடிப்பில், நூறு நாள் வேலைத் திட்டப் பெண்கள் நீர் செறிவூட்டும் கிணறுகளை அமைத்தார்கள்; ஆற்றில் மறுபடியும் தண்ணீர் வந்தது; பிரதமரின் வானொலி உரை வரை அது பேசப்பட்டது. அந்தப் பெண்களின் உழைப்பை மதிப்பதாலேயே நாம் கேட்க வேண்டும்: மழையும் நன்றாகப் பெய்த ஆண்டுகளா அவை? 2021 நவம்பரில் பாலாற்றிலேயே பெருவெள்ளம் போனது. செறிவூட்டும் கிணறுகள் இல்லாத பக்கத்து ஓடையில், அதே மழைக்குப் பிறகு, எத்தனை மாதம் தண்ணீர் நின்றது? அதைவிட நாகநதியில் நெடுநாள் நின்றிருந்தால் அந்தப் பெண்களின் வேலைக்கு யாரும் அசைக்க முடியாத சான்று கிடைத்துவிடும்.

ஏழாம் படி: பக்கத்தில் இன்னொரு நேர்வை வையுங்கள்

முதல் படியில் எழுதிய புதிருக்கு இப்போது திரும்புவோம். தீர்ப்பு கேட்ட மாற்றம் ஏன் முழுமையாக வரவில்லை? 'முதலாளிகளின் பேராசை', 'அதிகாரிகளின் மெத்தனம்' என்ற பதில்கள் உடனே வரும். இந்தப் பதில்களைச் சோதிக்க அதே ஆலைகள், அதே முதலாளிகள், அதே அதிகாரிகள் இருக்கும் இன்னொரு நிகழ்வு வேண்டும்.

அப்படி ஒன்று இருக்கிறது. தோலில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் பயன்பட்ட பென்டாகுளோரோஃபீனால் என்ற ரசாயனத்தை ஜெர்மனி 1989-இல் தடைசெய்தது. 1990களில் சில அசோ சாயங்களுக்கும் தடை வந்தது. ஜெர்மனி நம் தோல் பொருள்களுக்குப் பெரிய சந்தை. தமிழ்நாட்டுத் தோல் தொழில் சில ஆண்டுகளுக்குள் அந்த ரசாயனங்களைக் கைவிட்டு மாற்றுக்குப் போய்விட்டது. ஒரே தொழில், ஒரே தசாப்தம். கடல் கடந்து வந்த விதி வேகமாக நடைமுறைக்கு வந்தது, ஆற்றுக்காக வந்த விதி இழுத்துக்கொண்டே போனது.

இப்போது பேராசை என்ற பதில் தனியாக நிற்காது; இரண்டு இடத்திலும் முதலாளிகள் அவர்களேதான். என்ன வேறுபட்டது? ஜெர்மனியின் விதியை மீறினால் சரக்கு திரும்பி வரும், அந்த ஆலையின் நட்டம் அந்த ஆலைக்கே. ஆற்றில் விட்டால் நட்டம் யாரோ ஒரு விவசாயிக்கு. தோலைச் சோதித்தால் எந்த ஆலை என்று தெரிந்துவிடும். ஆற்றில் கலந்த உப்பில் ஆலையின் பெயர் இருக்காது. ஒரு ரசாயனத்துக்குப் பதில் இன்னொன்றை வாங்குவது எளிது, சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனமும் இருந்தது. உப்புக்கோ பெரிய முதலீடும் மாதாமாதம் மின்கட்டணமும் தேவை. மாறும் செலவு, பிடிபடும் வாய்ப்பு, நட்டம் யார் தலையில் என்று மூன்று காரணங்கள் கையில் வந்துவிட்டன. மூன்றையும் தனித்தனியாகச் சோதிக்கலாம். முதல் நேர்வை மட்டும் நூறு பக்கம் எழுதியிருந்தாலும் இவை வெளிப்பட்டிருக்காது என்பது என் உறுதியான கருத்து.

எட்டாம் படி: பரிந்துரையும் எழுத்தும்

ஒவ்வொரு பரிந்துரையிலும் யார் செய்ய வேண்டும், எந்த விதியின்படி அவரால் முடியும், செலவு யாருடையது, இதுவரை செய்யாததற்கு என்ன தடை என்ற நான்கும் இருக்கட்டும். மேலே கண்ட காரணங்களிலிருந்தே பரிந்துரை பிறக்க வேண்டும். பிடிபடும் வாய்ப்புக் குறைவுதான் சிக்கல் என்றால், ஒவ்வோர் ஆலையிலிருந்தும் பொது நிலையத்துக்குப் போகும் குழாயில் தனித்தனியாக உப்பை அளந்து அந்த எண்ணை ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதிவைப்பது ஒரு பரிந்துரை. 'விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்' என்ற வாக்கியத்தை எங்கே கண்டாலும் அடித்துவிடுங்கள். கிணறு கெட்ட விவசாயிக்கு விழிப்புணர்வு போதுமான அளவு இருக்கிறது.

எழுதும் வரிசை: புதிர், பின்னணி ஒரு பக்கம், காலவரிசை, சான்று, போட்டிக் காரணங்கள், தீர்வு. வகுப்பில் விவாதிப்பதற்கான தொழில் நேர்வு என்றால் தீர்வை எழுதாமல், உரிமையாளர் முடிவெடுக்க வேண்டிய நாளில் நிறுத்திவிடுங்கள். பதிவேட்டுக் கணக்கைப் பின்னிணைப்பில் கொடுங்கள், மாணவர்கள் எண்ணட்டும்.

பேட்டி கொடுத்தவர்களின் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. 'ஒரே மகன் துபாயில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்' என்று எழுதினால் ஊரே ஆளைக் கண்டுபிடித்துவிடும். ஆலைத் தொழிலாளி என்றால் அவருக்கு வேலையே போகலாம். அவர் எந்தப் பிரிவில் வேலை செய்கிறார் என்பதைக்கூடப் பொதுமையாக்குங்கள்.

கடைசிப் படி: அடுத்தவருக்காகக் குறிப்புகளை வைத்துவிட்டுப் போங்கள்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-இல் தன் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி ஆய்வு செய்யவைத்தார். அவற்றில் ஒன்று அன்றைய வட ஆர்க்காட்டின் தூசி கிராமம். இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில், காஞ்சிபுரத்துக்கு அருகில் இருக்கிறது. 1930களில் வேறொரு குழு அங்கே போனது. 1980களில் இன்னொரு குழு போனது. முதல் குழு எதை எண்ணியது, எப்படி எண்ணியது என்று எழுதிவைத்ததால்தான் பின்னால் போனவர்களால் ஒப்பிட முடிந்தது.

வட ஆர்க்காட்டு நெல் கிராமங்களுக்கும் அதே வரலாறு உண்டு. 1973-74-இல் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வந்தபோது, புதிய நெல் ரகங்கள் எதிர்பார்த்த அளவு பரவவில்லை. கிணற்று நீர் போதாது, பெரிய விவசாயிகளே முந்துவார்கள் என்ற கவலை வலுவாக இருந்தது. 1980களின் தொடக்கத்தில் பன்னாட்டு உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிறுவனமும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அதே கிராமங்களுக்குத் திரும்பிச் சென்றன. சிறு விவசாயிகளும் புதிய ரகங்களுக்கு மாறியிருந்தார்கள். அவர்கள் வருமானமும் உயர்ந்திருந்தது. முதல் ஆய்வு தன் காலத்தில் கண்டதைக் கண்டது. அதோடு நின்றிருந்தால் அந்தக் கவலையே இறுதி உண்மையாக இருந்திருக்கும்.

ஆகவே ஆய்வு முடிந்ததும் ஒரு கோப்பு தயாரியுங்கள். கேட்ட கேள்விகள் கேட்ட சொற்களிலேயே, எடுத்த புல எண்களின் பட்டியல், நீர் எடுத்த கிணறுகளின் இடக்குறிப்பும் தேதியும், தகவல் உரிமை மனுக்களும் பதில்களும், ஆள் அடையாளம் நீக்கிய பேட்டிக் குறிப்புகள். ஒரு படி கல்லூரி நூலகத்துக்கு, ஒரு படி மாவட்ட மைய நூலகத்துக்கு. அறிக்கையின் எளிய தமிழ்ச் சுருக்கம் இரண்டு பக்கத்தில் அந்த ஊராட்சிக்கு. அதை நீங்களே கொண்டுபோய்ப் பேட்டி கொடுத்தவர்கள் முன் படித்துக் காட்டி, அவர்கள் சொல்லும் திருத்தங்களையும் தேதியிட்டுக் கோப்பின் கடைசியில் சேர்த்துவிடுங்கள்.